மண்புழுவை வெட்டினால் இரண்டு புழுக்கள் கிடைக்குமா?

பினாங்கு வீட்டுத்தோட்ட ஆர்வலர்களின் புலனக் குழுக்களில், உரத்தொட்டியிலுள்ள மண்புழுக்களை நடுவே வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாகிவிடும் என்றொரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

மண்புழுவின் உடல் ஏறத்தாழ நூறு அல்லது அதற்கும் மேற்பட்ட வளையக் கண்டங்களால் ஆனது என்றாலும், அவை அனைத்தும் ஒரே வேலையைச் செய்வதில்லை: வாய், மூளை நரம்புத்திரள், இதயம்போல் துடிக்கும் இரத்தக் குழாய்கள், இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவை முன்பகுதியில் குவிந்திருக்க, பின்பகுதி பெரும்பாலும் குடலையே கொண்டிருக்கிறது. முதிர்ந்த புழுவை ஈரமான உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், ஒரு முனைக்கு அருகில் வழவழப்பான பட்டை தெரியும். அந்த முனையே தலை. போதிய கண்டங்களுடன் தப்பும் முன்துண்டு புதிய வாலை வளர்த்துக்கொள்ளக்கூடும். வால்துண்டோ சற்று நேரம் நெளிந்துவிட்டுப் பெரும்பாலும் இறந்துபோகும். அந்த நெளிவைப் பார்த்தே இக்கதை பிறந்திருக்கலாம்.

பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் போன்ற சில வகைகள் தலையையும் மீட்க வல்லவை என்பது மெய். அதுவும் வெட்டு விழும் இடத்தைப் பொறுத்தது. சிறு துண்டுகூட முழு உயிராகும் இயல்பு, வேறொரு தொகுதியைச் சேர்ந்த பிளனேரியா என்னும் தட்டைப்புழுவுக்கு உரியது.

இவற்றை எந்த விலங்கியல் பாடநூலிலும் சரிபார்க்கலாம். பள்ளி உயிரியல் ஆசிரியரிடமும் கேட்கலாம். புழுக்கள் பெருக ஈரமும் காய்கறித் தோலும் நிழலும் போதும். அவை இணைசேர்ந்து முட்டைக்கூடுகளை இடும். வெட்டினால் இரண்டு புழுக்கள் கிடைக்கும் என்ற தவறான தகவலை இனியும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.