ரோலை முடிக்க எடுத்த படங்கள்

ஃபிலிம் கேமராப் பிரியர்கள் என் நட்புப் பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். யாஷிகா, பென்டாக்ஸ் என்று தேடித்தேடி வாங்கி, கலர் ரோலுக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கொடுத்து, கழுவி ஸ்கேன் எடுக்க இன்னும் சில நூறு செலவழித்து நீங்கள் போடும் படங்களில் பாதி எனக்கு அலுப்புத் தட்டுகிறது. மூணாறு மேகம். ரயில் ஜன்னலில் ஒரு முகம். ஓரங்கட்டி நிற்கும் அம்பாசிடர். டபராவில் காபி. மேலே 'அந்தக் காலத்துப் படங்களில் இருந்த உயிர்' என்று ஒரு வரி வேறு.

அந்தக் காலத்துப் படங்களில் என்னதான் இருந்தது என்று எங்கள் வீட்டு ஆல்பங்களை வைத்தே சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, வளைகாப்பு. அப்புறம் திருச்செந்தூர், குற்றாலம், ஒருமுறை ஊட்டி. எல்லாப் படத்திலும் உயரவாரியாக நிற்கிறார்கள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டிருக்கிறார்கள், யாராவது ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார். ஆச்சி வாழ்நாளெல்லாம் புகையில் நின்று சமைத்த அடுக்களைக்கு ஒரு படம் கிடையாது. அங்கணம், அம்மி, பட்டாசலில் தாத்தா பேப்பர் படிக்கும் மூலை எதுவும் கிடையாது. தாத்தா சட்டை இல்லாமல் இருந்த மனிதர். ஆல்பத்தில் அவர் சட்டை போடாத படம் ஒன்றுகூட இல்லை!

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து மின்னாக்கம் செய்திருக்கிறது. நல்ல வேலை. முகம், உடை, நகை, பின்னால் தொங்கும் வரைந்த திரை எல்லாம் அதில் கிடைக்கும். ஸ்டுடியோவுக்குள் எடுத்த படத்தில் வீடு எப்படிக் கிடைக்கும்?

காரணம் முதலில் காசு. நம்மூரில் பல வீடுகளுக்கு முதல் கேமரா அக்ஃபா கிளிக் 3. 120 ஃபிலிம், ரோலுக்கு 12 சதுரப் படம், அவ்வளவுதான். அப்புறம் 35 மில்லிமீட்டர் வந்து 36 ஆனது. கல்யாணத்துக்கு வரும் போட்டோகிராபர் அந்த 36-ஐ எப்படிக் காப்பாற்றுவார் தெரியுமா? தூரத்துச் சொந்தங்கள் மேடையேறிப் பரிசு கொடுக்கும்போது படம் எடுக்காமல் வெறும் ஃப்ளாஷை மட்டும் அடிப்பார். அவர்களும் சந்தோஷமாகச் சாப்பிடப் போவார்கள். அப்படி ரோலை மிச்சம்பிடித்த காலத்தில் அடுக்களையை எவன் எடுப்பான்?

இரண்டாவது காரணத்தை யாரும் பேசுவதில்லை: வெளிச்சம். உச்சிவெயிலுக்கும் ஒற்றை ஜன்னல் அடுக்களைக்கும் நடுவில் சுமார் 9 ஸ்டாப் வித்தியாசம். ஒவ்வொரு ஸ்டாப்பும் பாதிக்குப் பாதி என்பதால், வெளியே இருப்பதில் 500-ல் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே. நம் கண் அதைச் சமாளித்துவிடும். நிறைய வெளிச்சம் கேட்கும் நூறு வேக ஃபிலிமும் சின்னத் துளை லென்ஸும் உள்ள பெட்டிக் கேமராவில் படம் விழவே விழாது. அதனால்தான் எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிவந்து, சூரியனைப் பார்க்க நிறுத்தி, கண்கூச வைத்து எடுத்தார்கள். நாம் இன்று ரசிக்கும் அந்தக் காலத்து முகச்சுளிப்பில் பாதி வெயிலால் வந்தது.

விதிவிலக்குகள் உண்டு. ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் அப்பா உம்ராவ் சிங், மனைவி மக்களை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பல ஆண்டுகள் படமெடுத்தார். அசந்துபோகும் படங்கள். ஆனால் அவர் பிரபு குடும்பத்துக்காரர், காசுக்கும் நேரத்துக்கும் குறைவில்லை.

ஊட்டி என்றதும் ஒன்று. நம் வீட்டு ஆட்களெல்லாம் தாவரவியல் பூங்காவில் பூப்பாத்திக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த அதே ஊரில்தான் ஃபிலிம் ஆலையும் இருந்தது. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், பொதுத்துறை நிறுவனம், 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், பிரிண்ட் போடும் தாள், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிம். ஃபிலிம் பூசத் தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும், அதற்குத் தோதான ஊர். உலகம் கலருக்கு மாறியது, இறக்குமதிச் சரக்கு மலிந்தது, 1990-களிலேயே நலிந்த நிறுவனம் ஆகிவிட்டது, கடைசியில் மூடினார்கள். இந்து நகர் என்ற பெயர் மட்டும் ஊட்டியில் இருக்கிறது. 'மீண்டும் ஃபிலிம்' என்று இன்று கொண்டாடும் நாம் அமெரிக்க, இங்கிலாந்து, ஜப்பான் கம்பெனிகளின் ரோலைத்தான் வாங்குகிறோம் என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சித்தப்பா சவூதியிலிருந்து ஒரு யாஷிகா எம்எஃப்-2 கொண்டுவந்திருந்தார். ஃபோகஸ்கூடச் செய்ய வேண்டாம், அமுக்கினால் போதும், ஃப்ளாஷ் உள்ளேயே உண்டு. வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளோடு இந்த மாதிரிக் கேமராக்கள் எத்தனையோ ஊர்களுக்கு வந்தன. சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் அது இரவல் போகும். விசேஷம் முடிந்து பார்த்தால் ரோலில் நாலைந்து படம் மிச்சம் இருக்கும். அப்படியே கழுவக் கொடுத்தால் அந்த நாலும் வீண். காத்திருக்கவும் யாருக்கும் பொறுமை இல்லை, கல்யாணப் படம் பார்க்க வீடே பறக்கும். "எதையாவது அடிச்சு முடிச்சிட்டு ஸ்டுடியோவுல கொடுத்துட்டு வா" என்பார்கள்.

அந்த 'எதையாவது'தான் நான் சொல்லவந்தது.

அந்த வகைப் படங்கள் பெரும்பாலும் பிரிண்டுக்கே போகவில்லை. "நல்லா விழுந்ததை மட்டும் போடுங்க" என்றால் ஸ்டுடியோக்காரர் இவற்றைத்தான் முதலில் தள்ளுவார். நெகடிவாக, காகித உறைக்குள், பீரோவின் அடித்தட்டில் கிடந்தன. சில வருடங்களுக்கு முன் ஒவ்வொன்றாக டேப்லெட்டின் வெள்ளைத் திரைமேல் வைத்து, போனில் படமெடுத்து, நிறத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆச்சி அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறாள், ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டே. மண்ணெண்ணெய் ஸ்டவ் தெரிகிறது, சுவரில் புகைக்கறை, ஆணியில் தொங்கும் ரேஷன் பை. இன்னொன்றில் அத்தை ஈரத்தலையோடு துணி காயப்போடுகிறாள். ஒன்றில் யாருமே இல்லை, தொழுவமும் ஒரு வாளியும்தான். கல்யாண ஆல்பத்தை வருடத்துக்கு ஒருமுறை எடுப்பார்களா என்பதே சந்தேகம். இந்தப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை.

இன்று ஃபிலிமைக் கையில் எடுக்கிறவன் செய்ய வேண்டியது, மிச்சப் படங்களுக்கு எடுத்ததை முழு ரோலுக்கும் எடுப்பது. இதுதான் என் கட்சி. நம் அப்பா அம்மாவுக்குக் காசும் வெளிச்சமும் இடம் கொடுக்கவில்லை. நமக்கு இரண்டும் ஓரளவு இருக்கிறது. அப்படியிருந்தும் அவர்கள் நின்ற இடத்திலேயே போய் நின்று எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"அதற்குத்தான் போன் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, நானும் எடுக்கிறேன். ஆனால் போனில் எடுத்தால் என் அம்மா உடனே கையை நீட்டுவாள், "காட்டு". பார்த்ததும், "ஐயே, தலையே வாரலை, அழி". அழித்தும் விடுவாள். அவள் அழிக்கச் சொல்லும் படம் எல்லாமே வீட்டுப்புடவையில், வேலைக்கு நடுவில் இருக்கும் படங்கள். ஃபிலிமில் காட்ட ஒன்றுமில்லை. கேமராவின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒரு கேமரான்னு தூக்கிட்டு அலையுத" என்று மறுபடி வெங்காயம் நறுக்கப் போய்விடுவாள். எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த நிமிடம். (பிரிண்ட் வந்ததும் திட்டு உண்டு. அவள் சம்மதிக்காத எதையும் இங்கே போட்டதில்லை.)

வீட்டுக்குள் எடுக்க நான் வைத்திருப்பது யாஷிகா எலக்ட்ரோ 35. 1966-ல் முதலில் வந்த வரிசை. 45 மில்லிமீட்டர், எஃப் 1.7 லென்ஸ், அதாவது நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் அகலத் துளை. குறைந்த வெளிச்சமே போதுமான 400 வேக ஃபிலிம் போட்டால், முன்னே சொன்ன அதே அடுக்களை வெளிச்சத்தில் நொடியில் 60-ல் ஒரு பங்குக்கு ஷட்டர் திறந்தால் போதும், ஃப்ளாஷ் வேண்டாம். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் ஒரு சின்னச் சொடுக்குதான், தூங்குகிற குழந்தைகூட அசையாது. தொல்லை பேட்டரி. இதற்கென்று இருந்த பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை, 6 வோல்ட் பேட்டரியை ஒரு குழாய்க்குள் வைத்து ஒப்பேற்ற வேண்டும். வாங்குகிறவர்கள் லென்ஸை டார்ச் அடித்துப் பாருங்கள். நம்மூர் ஈரக்காற்றுக்கு உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கும். வெளிச்சம் புகாமல் தடுக்கும் பின்கதவு ஓரத்துப் பஞ்சு தார் மாதிரி ஒட்டினால் அதை மாற்றாமல் ரோல் போடாதீர்கள்.

பயணத்துக்கும் இதே கட்சிதான். ராமேஸ்வரம் பிரகாரத்தை நம்மைவிட நன்றாக எடுத்தவர்கள் ஆயிரம் பேர். அக்னி தீர்த்தக் கரையில் நனைந்த புடவையை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் காற்றில் காயவைத்துக்கொண்டே சண்டை போடுவார்கள், அதை எடுங்கள். குற்றாலத்தில் அருவியை விட்டுவிட்டு வேன் நிற்கும் இடத்துக்குப் போங்கள், புளிசாத வாளி திறந்திருக்கும். நீலகிரி மலை ரயிலை வளைவில் வைத்து எல்லாரும் எடுத்தாகிவிட்டது. என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும்போது பெட்டியை விட்டு இறங்கி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற சனம் இருக்கிறதே, அந்த முகங்கள் வேறு எங்கும் கிடைக்காது. விமானத்தில் போகிறவர்கள் ரோல்களைத் தெளிவான பையில் போட்டுக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். விமான நிலையங்களில் பை சோதிக்கப் புதிதாக வந்திருக்கும் சிடி ஸ்கேனர் கழுவாத ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும் என்று கோடாக் நிறுவனமே எச்சரிக்கிறது.

வெளியூரில் முகம் தெரியாதவர்களை எடுத்தால் பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. பூக்கார அம்மாவை எடுத்து 'எளிய மனிதர்கள்' என்று தலைப்புப் போட்டு லைக் வாங்கத் தெரிந்தவனுக்கு, போஸ்ட்கார்டு சைஸில் ஒன்று போட்டு அதே தெருவுக்குத் திரும்பிப் போகத் தெரியவில்லை என்றால், அவன் எடுத்தது எந்தக் கேமராவாக இருந்து என்ன? நான் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் அநேகம் பேர் சொன்னது, "இதைவிட நல்ல சேலை கட்டியிருப்பேனே தம்பி". சொல்லிவிட்டுப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

கறுப்பு வெள்ளை என்றால் வீட்டிலேயே கழுவலாம், பயம் வேண்டாம். இருட்டில் ரோலை டேங்குக்குள் சுற்றுவது மட்டும்தான் பழக வேண்டும். பாழான ரோல் ஒன்றை வெளிச்சத்தில் வைத்துப் பழகுங்கள். டி-76 மாதிரி டெவலப்பர்களுக்கு, அதாவது ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்துகளுக்கு, 20 டிகிரிதான் கணக்கு. மே மாதத்தில் சென்னைக் குழாய்த் தண்ணீர் 30-க்கு மேல் இருக்கும், ஐஸ்கட்டி போட்ட வாளியில் பாட்டில்களை இறக்கித்தான் ஆக வேண்டும். அப்புறம் படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ, அப்புறம் தண்ணீர், குளியலறைக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட வேண்டும், மின்விசிறி கூடாது.

அன்றாடத்தை எடுக்க அரை ஃபிரேம் கேமரா இன்னும் தோது. ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் விழும். 1959-ல் வந்த ஒலிம்பஸ் பென் பரவலாக்கிய வகை. 36 ரோலில் 72 படம். பென்டாக்ஸ் நிறுவனம் 2024-ல் '17' என்று புதிதாகவே ஒன்று கொண்டுவந்தது. 72-ஐ முடிப்பது லேசில்லை. விசேஷம், ஊர்சுற்றல் எல்லாம் தீர்ந்தும் ரோல் முடியாது. 'எதையாவது' எடுத்தே தீர வேண்டும்.

கடைசியாக ஒன்று. இப்போது லேபில் கழுவக் கொடுத்தால் ஸ்கேனை லிங்க்காக அனுப்பிவிடுகிறார்கள். நெகடிவை வாங்க நிறையப் பேர் போவதே இல்லை. சில நாள் வைத்திருந்துவிட்டு அவர்கள் தூக்கிப்போட்டுவிடுவார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. போய் வாங்குங்கள். உறையின்மேல் ஊரையும் மாதத்தையும் பால்பாயிண்டில் எழுதிவிட்டுப் படத்தை உள்ளே வையுங்கள், வைத்துவிட்டு எழுதினால் நெகடிவில் கோடு விழும். வீட்டில் பழைய உறைகள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள், ரோலின் கடைசி நாலு படத்திலிருந்து.