வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் காரணம் இல்லை

அண்ணே, காற்பந்தில் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரிமியர் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் குவிந்ததால்தான் இங்கிலாந்து பெரிய போட்டிகளில் தோற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூர் தேக்கா கோப்பிக் கடைகளில் நானும் பல வருடமாகக் கேட்கும் பேச்சுதான். ஆனால் அது தவறு.

1974, 1978 உலகக் கிண்ணங்களுக்கு இங்கிலாந்து தகுதியே பெறவில்லை. அப்போது இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் பிரிட்டன், அயர்லாந்து தாண்டி வந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1992இல் பிரிமியர் லீக் தொடங்கிய முதல் வாரம்கூட அப்படி 13 பேர்தான் ஆரம்பத்திலேயே களமிறங்கினார்கள். அடுத்து வந்த 1994 உலகக் கிண்ணத்துக்கும் போக முடியவில்லை. வெளிநாட்டவர் நிறைந்த பிறகுதான் 2018இல் அரையிறுதி, அப்புறம் அடுத்தடுத்து இரண்டு யூரோ (ஐரோப்பியக் கிண்ண) இறுதியாட்டங்கள். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணங்கள் இரண்டையும் வென்றதும் இங்கிலாந்துதான். வெளிநாட்டவர் வந்ததால் உள்ளூரில் ஆள் பஞ்சம் என்பது பொருந்தவில்லை.

சரி, ஏன் கிண்ணம் கைக்கு வரவில்லை? ஆட்டங்களையே பாருங்கள். 2018இல் குரோஷியாவுக்கு எதிராக 5ஆவது நிமிடத்தில் டிரிப்பியர் கோல். 2021 யூரோ இறுதியில் இத்தாலிக்கு எதிராக 2ஆவது நிமிடத்தில் லூக் ஷா. இரண்டிலும் அதன் பிறகு பின்வாங்கி, நடுக்களத்தில் பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்தார்கள். பெரிசிச் 68ஆவது நிமிடத்திலும் போனுச்சி 67ஆவது நிமிடத்திலும் சமன் செய்தார்கள். 2024 இறுதியாட்டத்தை இங்கே விடிகாலை 3 மணிக்கு எழுந்து பார்த்தேன். பால்மர் கோல் போட்டுச் சமன் செய்ததும் அதே கதை, 86ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் ஒயார்சபால் முடித்துவிட்டார். என் கையிலிருந்த தே அப்படியே ஆறிப்போனது.