ஐடி இரவல் கொடுக்கும் பொருள் அல்ல

சனிக்கிழமை இரவைப் பற்றி நம் பள்ளி நண்பர்கள் குழுவில் வந்த பதிவை எல்லோரும் படித்திருப்பீர்கள். "பாஸ்வேர்டு மாற்றித் தருகிற வேலைக்கு இவ்வளவு கெடுபிடியா?" என்று என் பெயரைப் போட்டே கேட்டிருந்தார் நண்பர். இரண்டு நாள் பொறுத்தேன். இனி முடியாது.

நான் காவல் பார்க்கும் மெயின்ஃபிரேமில், அதாவது அலுவலகத்தின் பெரிய மையக் கணினியில், அன்று ஓடிய ஒரு வேலை 913 என்ற பிழையோடு நின்றது. அனுமதி இல்லாத கோப்பைத் தொட்டால் வரும் பிழை அது. விடுப்பில் இருந்தவரின் லாகின் ஐடிக்குப் புதுப் பாஸ்வேர்டு போட்டுக் கொடு, அதை வைத்து ஓட்டிக்கொள்கிறோம் என்றார்கள் அந்த வேலையை ஓட்டியவர்கள். மறுத்தேன். மறுபடி கேட்டாலும் மறுப்பேன். ஒருவருடைய ஐடி அவருடைய கையெழுத்து. ஊரில் இல்லாதவனின் கையெழுத்தை நான் எப்படிப் போட்டுக் கொடுப்பேன்?

ஆபத்துக்குப் பாவமில்லை என்பீர்கள். ஆபத்துக்கென்றே தனி ஐடி பூட்டி வைத்திருக்கிறோம். காரணம் எழுதி, ஒப்புதல் வாங்கி எடுக்கலாம். யார் எடுத்தார், எந்தக் கோப்பைத் திறந்தார் என்பது பதிவாகும். அந்த வழியைத்தான் அன்றும் சொன்னேன். தங்கள் பெயர் பதிவாகும் என்றதும் வேண்டாம் என்றார்கள்.

பழைய பெட்டிக்கு இத்தனை காவலா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மெயின்ஃபிரேமில் யார் எதைத் தொடலாம் என்று காவல் காக்கும் ரேக்ஃப் மென்பொருள் 1976-ல் வந்தது, உண்மைதான். உலகின் பெரிய வங்கிகள் பல இன்றும் மெயின்ஃபிரேமில்தான் கணக்கை வைத்திருக்கின்றன.

"எங்களை நம்பவில்லையா?" என்ற கேள்விதான் வலித்தது. என்னிடம் ஸ்பெஷல் அதிகாரம், அதாவது யாருக்கு என்ன அனுமதி என்பதை மாற்றும் உரிமை, இருக்கிறது. அதை வைத்து நான் இடும் கட்டளைகளெல்லாம் பதிவாகின்றன. ஆடிட்டர் உட்கார்ந்து பார்க்கிறார். ஒருநாளும் அதை அவமானமாக நினைத்ததில்லை. நாளை ஏதாவது காணாமல் போனால் நான் எடுக்கவில்லை என்று சொல்ல அந்தப் பதிவுதான் எனக்குச் சாட்சி.

தேவகோட்டையில் எங்கள் வீடு நண்பருக்குத் தெரியும். பட்டாலை என்கிற கூடத்தில் அவரும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். முகப்பும் பட்டாலையும் எல்லோருக்கும் பொது. உள்முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகள் அப்படியல்ல. புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், ஓர் அறை; அறைக்கு ஒரு பூட்டு. அப்பத்தா இருந்தவரை சாவி இடுப்பை விட்டு இறங்காது. அவர் போனபின் சாவியை ஆணியில் மாட்டினோம். சொந்தம்தானே என்று கேட்டவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுத்தோம். ஒரு நாள் திறந்தால் பர்மாவிலிருந்து ஐயா கொண்டுவந்த அரக்குச் சாமான்களும் பித்தளை அண்டாக்களும் இல்லை. எடுத்தவர் ஒருவராகத்தான் இருக்கும். சந்தேகம் மட்டும் சாவியைத் தொட்ட அத்தனை பேர் மேலும் விழுந்தது. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை. பெரியப்பா எடுத்திருக்க மாட்டார் என்று அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தும் போகவில்லை. இருவரும் கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லை.

இதைக் கெடுபிடி என்கிறீர்கள். எழுதுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும்.

விடுப்பில் போனவர் நேற்று திரும்பிவிட்டார். சனிக்கிழமைப் பதிவுகளில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.