கண்ணகியைக் கொஞ்சம் பேச விடுங்கள்

போன கிழமை எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் பட்டிமன்றம். தலைப்பு பழகிப்போனதுதான்: 'கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா?' திருகோணமலையில் திருவிழாக் காலம் வந்தால் இந்தத் தலைப்பிடமிருந்து தப்புவது கஷ்டம். பேசியவர்கள் நல்ல பேச்சாளர்கள், கைதட்டலுக்கும் குறைவில்லை. ஆனால் கண்ணகி கற்பின் சின்னம், மாதவி தியாகத்தின் சின்னம் என்று சொல்லிச் சொல்லியே பொழுது போயிற்று. அந்த இரண்டு பேரும் இளங்கோவின் சிலப்பதிகாரக் காப்பியத்தில் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்பதை ஒருவரும் தொடவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

ஒரு பெண்ணைச் சின்னமாக்கிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். சின்னத்துக்கு மாலை போடலாம், மேடையில் ஏற்றலாம். அது திருப்பிப் பேசாது.

கண்ணகியையே எடுங்கள். கல்யாணமான புதிதில் கோவலன் 'மாசறு பொன்னே வலம்புரி முத்தே' என்று அடுக்கிக்கொண்டே போகிறான். அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் மாதவியிடம் போன பிறகு, தனித்திருக்கும் கண்ணகியைக் காட்டும் இளங்கோ முதலில் சொல்வது அவள் காலில் சிலம்பு இல்லை என்பதை. 'அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய.' பொட்டும் மையும் எல்லாம் அதற்குப் பிறகுதான். கைப்பொருளைத் தொலைத்துவிட்டு அவன் திரும்பி வந்து நிற்கும்போது அதே சிலம்பைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். மதுரையில், அவன் சாகப்போகிற அன்று, சோறு போட்டு வெற்றிலை பாக்கும் கொடுத்த பிறகு, 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். நீங்கள் செய்தது யாரும் மெச்சாத காரியம் என்று. வாயில்லாப் பூச்சி என்று நாம் மேடையில் காட்டுகிற பெண் பேசுகிற பேச்சா இது?

அப்புறம் வழக்கு. சிலம்பை விற்கப் போன கோவலனை, அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று கொன்றுவிட்டார்கள். அதைக் கேட்கத்தான் கண்ணகி அரசனிடம் வருகிறாள். மதுரை எரிந்தது எல்லோருக்கும் தெரியும். எரிவதற்கு முன் அங்கே ஒரு விசாரணை நடந்தது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். யார் நீ என்று பாண்டியன் கேட்கிறான். அவள் உடனே பெயரைச் சொல்லவில்லை. புறாவுக்கு நியாயம் செய்தவனையும், பசுவின் கண்ணீருக்காகப் பெற்ற மகனைத் தேர்க்காலில் இட்டவனையும் சொல்லி, அப்படிப்பட்ட அரசர்களின் ஊர் என் ஊர் என்று தொடங்கி, கடைசியில்தான் 'கண்ணகி என்பதென் பெயரே' என்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்கிறான் அரசன். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். கொற்கைத் துறை முத்துக்குச் சொந்தக்காரன் வேறென்ன சொல்வான்! அவள் சிலம்பை உடைக்கிறாள். தெறித்த மாணிக்கம் அரசனின் வாயில் போய்ப் படுகிறது: 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.'

அது நெஞ்சில் பட்டிருக்கலாம், முடியில் பட்டிருக்கலாம். வாயில் பட வைக்கிறார் இளங்கோ. விசாரிக்காமல், கொன்று அந்தச் சிலம்பைக் கொண்டுவா என்று சொன்ன வாய் அது. குறியீடு தேடுபவர்கள் இங்கே தேட வேண்டும். கணவன் இல்லாத வீட்டில் கழற்றி வைத்த நகை, அவன் இல்லாத உலகத்தில் சாட்சியாக வருகிறது. கண்ணகியே குறியீடு என்று சொல்லிவிட்டால் இந்தச் சிலம்பை யார் வாசிப்பது? வாசிப்பவள் அவள்தானே.

மாதவியும் அப்படித்தான். அவள் இரண்டாவதாக எழுதிய கடிதத்தில், பெரியவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையையும் விட்டு, மனைவியோடு இரவோடிரவாகப் போனீர்களே, என் பிழை என்ன என்று கேட்கிறாள். அதைப் படித்த கோவலன் இவளிடம் தவறில்லை, தவறு என்னுடையது என்று உணர்கிறான். உணர்ந்துவிட்டு என்ன செய்தான் தெரியுமா? இந்த வரிகள் என் தாய் தகப்பனுக்கும் பொருந்தும் என்று அதே ஓலையை அவர்களிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டான். இரண்டாயிரம் தரம் 'தியாகச் சுடர்' என்று மேடையில் முழங்குவதைவிட இந்த ஓலையைப் பற்றி ஒருவர் பேசியிருக்கலாம். கண்ணகியும் மாதவியும் காப்பியத்தில் ஒரு இடத்திலும் நேருக்கு நேர் சந்திக்கவே இல்லை. மோதவிட்டது நாங்கள்தான்.

இதில் எங்கள் கிழக்கிலங்கைப் பாமரர் பண்டிதர்களைவிடக் கெட்டிக்காரர்கள். இங்கே வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் படிக்கிற பாட்டுக்குப் பெயர் 'கண்ணகி வழக்குரை'. அதில் அவள் மாங்கனியாக வந்து பிறக்கிறாள். பாண்டியனுக்கு நெற்றிக்கண் ஒன்று இருக்கிறது. அந்த மாங்கனியால் அது அழிகிறது. பிழையான தீர்ப்பு சொல்லப் போகிற அரசனுக்கு முன்கூட்டியே ஒரு கண் போய்விடுகிறது! முழுதாகப் பார்க்க முடியாத அரசன் என்று இதைவிட எப்படிச் சொல்வது?

கண்ணகி பேரில் ஆடுகிற கொம்புமுறி விளையாட்டைப் பாருங்கள். ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். எது முறிகிறதோ அந்தப் பக்கம் தோல்வி. இழுப்பது ஆம்பிளைகள்தான், அது வேறு கதை. ஆனாலும் புருசன் பெண்சாதிக்குள் ஒரு வழக்கு இருக்கிறது என்பதை ஊர் மறைக்கவில்லை. கடைசியில் குளிர்த்தி என்ற சடங்குப் பாட்டைப் பாடி அவளுடைய கோபத்தை ஆற்றுகிறார்கள். கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது என்று ஒப்புக்கொண்டால்தானே ஆற்ற வேண்டி வரும்?

சினிமாவும் கண்ணகியை விடவில்லை. 1942 இல் கண்ணாம்பா, 1964 இல் 'பூம்புகார்' படத்தில் விஜயகுமாரி. இரண்டு பேரும் பெரிய நடிகைகள், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் சனங்களின் நினைவில் தங்கியது விரித்த கூந்தலும் சிவந்த கண்ணும் அந்தக் குரலும். மாணிக்கமா முத்தா என்ற அந்த இரண்டு வரி வாதம் ஆவேசத்துக்குள் அமுங்கிப் போயிற்று. சென்னைக் கடற்கரையில் 1968 இல் வைத்த சிலையும் சிலம்பை உயர்த்தியபடியே நிற்கிறது. பொதுவாகவே எங்கள் படங்களில் ஒரு பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் விளக்கு அணையும், அலை பாறையில் மோதும், கண்ணாடி நொறுங்கும். அவளுக்கு என்ன நடந்தது என்பதை அவளைத் தவிர எல்லாப் பொருளும் சொல்லும்.

வெளியூரைப் பற்றி மட்டும் ஏன் பேச வேண்டும்? எங்கள் கோணேசர் மலைக்கே வருவோம். கோட்டை வாசலுக்குள் மான்களைத் தாண்டி மேலே ஏறினால், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் அவன் கைகூப்பி நிற்கிற சிலை. வயதான தாய் கோணேசரை வணங்க வேண்டும் என்பதற்காக மலையையே பெயர்க்கப் பார்த்தான் என்பது கதை. அவளுக்கு ஈமக்கிரியை செய்யத்தான் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டாயின என்பார்கள். மலையில் ஒரு வெட்டு, கன்னியாவில் ஏழு கிணறு, இரண்டும் அந்தத் தாயின் பேரில். ஆனால் நான் கேட்டு வளர்ந்த கதையில் அவள் ஒரு வசனம்கூடப் பேசியதில்லை.

அதே மலையில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துத் தூண் ஒன்று. பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் நினைவாக, 1687 என்று ஆண்டு பொறித்தது. காதலன் கப்பலேறிப் போக, அவள் இந்த உச்சியிலிருந்து குதித்துச் செத்தாள் என்று வருகிறவர்களுக்குச் சொல்வோம். ஒல்லாந்தர் ஆவணங்களோ அவள் அதற்குப் பிறகும் இருந்து கல்யாணம் கட்டினாள் என்கின்றன. கல்யாணம் கட்டிக் குடும்பம் நடத்தினாள் என்று சொன்னால் படம் எடுக்க யார் நிற்பார்கள்? குதித்துவிட்டாள் என்றால்தான் கதைக்கு அழகு.

இராவணனுக்குச் சிலை வைத்த ஊரில் அவன் மனைவி மண்டோதரியை யாரும் நினைப்பதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. கம்பனில் அவள் போர்க்களத்துக்கு வருகிறாள். எள் வைக்க இடமில்லாமல் அம்பு துளைத்த உடம்பைப் பார்க்கிறாள். இந்தத் துளைகள் எல்லாம் என்ன, உயிர் இருக்கும் இடத்தைத் தேடியதா என்று கேட்கிறாள். அப்புறம், சானகி மேல் வைத்த காதல் உள்ளே எங்காவது ஒளிந்திருக்கும் என்று உடல் புகுந்து தடவிப் பார்த்ததா ஒருவனின் அம்பு என்கிறாள். புருசன் செத்துக் கிடக்கிறான், இவள் காயங்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறாள். அந்த ஒரு கேள்வியில் இராமனின் அம்பும் இவளுடைய சந்தேகமும் ஒரே இடத்தைத் தேடுகின்றன. கடைசியில் அவனைத் தழுவி உயிர் விடுகிறாள் என்பதால் அவளையும் பத்தினிப் பட்டியலில் சேர்த்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறோம். எனக்கு அதில் துக்கம் அளவுக்கு ஆத்திரமும் கேட்கிறது. வெறும் ஒப்பாரிதானே என்பவர்கள் முதலில் அந்தப் பாட்டை ஒரு தரம் முழுதாக வாசித்துவிட்டு வரட்டும்.