துப்பறியும் கதை வேண்டுமா? உ.வே.சா.வைப் படியுங்கள்

"நான் நாவல் எல்லாம் படிக்கிறதில்லை, கட்டுரை மட்டும்தான்" என்று சிலர் சொல்வார்கள். ஏதோ சைவம் மட்டும் சாப்பிடுவதைப்போல! கிரைம் பிரியர்கள் பாக்கெட் நாவலைத் தாண்டி வருவதில்லை. இலக்கியம் படிக்கிறவர்களோ அந்தப் பக்கமே திரும்புவதில்லை. என் அனுபவத்தில், ஒரு வகைப் புத்தகத்தில் நாம் தேடுகிற ருசி பெரும்பாலும் வேறு வகைப் புத்தகத்தில்தான் கிடைக்கிறது.

நான் படித்ததிலேயே விறுவிறுப்பான துப்பறியும் கதை உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது சிவில் நீதிபதியாக, மாற்றலாகி வருகிறார் சேலம் இராமசுவாமி முதலியார். கல்லூரித் தமிழாசிரியரான உ.வே.சா. அவரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அல்லவா, பட்டியலுக்கா பஞ்சம்! முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று ஒரே கேள்வி. இல்லை. அங்கே பிடிக்கிறது வேகம். ஏட்டைப் பிரித்தால் சமண சமயச் செய்திகள் புரியவில்லை. விளக்கம் தேடிச் சமணர் வீட்டுக்குப் போகிறார். வாசலில் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்றால், இன்றுதான் சிந்தாமணி படித்து முடித்தோம் என்கிறார்கள்! தமிழ்ப் புலவர்களே மறந்துவிட்ட ஒரு நூல், அதே ஊரில் ஒரு வீட்டில் விழாவாக நடந்துகொண்டிருக்கிறது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். 1887-இல் சிந்தாமணி அச்சாகி வரும்வரை புத்தகத்தைக் கீழே வைக்க மனசு வராது. நூலகத்தில் இதைத் 'தன்வரலாறு' அலமாரியில் வைத்திருப்பார்கள். சரி, வைக்கட்டும்.

கொலைக்கதை என்று தேடுகிறவர்களுக்கு நான் கொடுப்பது பூமணியின் 'வெக்கை'. கொன்றது யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்; பதினைந்து வயதுப் பையன். அப்புறம் எட்டு நாள் அப்பாவும் பிள்ளையும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். போலீஸைவிட அடுத்த வேளைச் சோறுதான் பெரிய கவலை. கிடைத்ததைச் சேர்த்து அவர்கள் பொங்கித் தின்கிற பக்கங்களுக்குப் பக்கத்தில் எந்தச் சமையல் புத்தகமும் நிற்காது. இந்த நாவலை வைத்து எடுத்த 'அசுரன்' படத்தைப் பார்த்தாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள், இது வேறு அனுபவம்.

வரலாற்று நாவல் என்றால் நமக்குக் குதிரையும் வாளும் வந்தாக வேண்டும். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலில் சைக்கிளும் கிரிக்கெட்டும்தான். நிஜாம் ஆட்சி முடிகிற காலத்துச் செகந்திராபாத், கல்லூரிப் பையன் ஒருவன், ஊர் முழுக்கப் பயம். என்னைக் கேட்டால் தமிழின் மிகச் சிறந்த வரலாற்று நாவல் இதுதான்.

கல்கி ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்காக எழுதியது அது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கொக்கி இருக்கும். ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் படித்தால் அந்தக் கொக்கியே சலித்துப்போகும். நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும் என்பது என் கட்சி. நந்தினி வருகிற இடங்களில் மட்டும் இந்தச் சட்டம் செல்லாது.