வரகுவை எங்கும் கொண்டுபோய் விடுவதாக இல்லை

நேற்று இரவிலிருந்து வாட்ஸ்அப் ஓயவில்லை. என்னிடம் கூடை ஆர்டர் கொடுத்தவர் போட்ட அந்தப் பதிவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கும் யாராவது அக்கறையாக அனுப்பி வைத்திருப்பார்கள். என் நாய்க்குட்டி வரகுவுக்காகப் பழைய காட்டன் சேலையில் நான் தைத்த படுக்கையின் படம், அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், கீழே "நாய்க்கு மெத்தை தைக்க நேரம் இருக்கிறது, காசு கொடுத்தவர்களுக்குக் கூடை பின்ன நேரம் இல்லை" என்று ஒரு வரி. அதைக்கூட ஒரு வாடிக்கையாளரின் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். அதன் கீழே குவிந்த பதில்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "முதலில் அந்தத் தெருநாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்." இதற்கு விருப்பக்குறி போட்டவர்களில் என் வீட்டுக்கு வந்து, வரகுவைத் தடவிக்கொடுத்து, காபி குடித்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள்.

வரகு எங்கும் போகப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆர்டர் விஷயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 25 தாம்பூலக் கூடைகள், நெல்லிக்காய் முடிச்சு என்ற பின்னல், பச்சையும் மஞ்சளும். சொன்ன தேதி தள்ளிப் போனது உண்மை. தள்ளிப் போகும் என்று தெரிந்த அன்றே தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். முன்பணத்தைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அக்கா, வளைகாப்புக்கு முன்னால் வந்தால் போதும்" என்றார்கள். வளைகாப்புக்கு முந்தைய வாரமே 25 கூடைகளும் போய்ச் சேர்ந்தன. அவற்றில் வெற்றிலை பாக்கும் வளையலும் வைத்துக் கொடுத்த படங்களை அவர்களே எனக்கு அனுப்பினார்கள். அப்போது இனித்த கூடை இப்போது எப்படிக் கசந்தது?

வயர்க் கூடை பின்னத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயர் ரோலைப் பிரித்து, அளவு பார்த்து வெட்டி, முதலில் அடி, அதாவது கூடையின் அடிப்பாகம், போட வேண்டும். அடி போட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க முடியாது. நான்கு பக்கமும் வயர் நுனிகள் தரையில் பரந்து கிடக்கும். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இறுக்கும்போது அந்த நுனிகள் எல்லாம் நெளியும். பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும் ஒரு நாய்க்குட்டியின் கண்ணில் அது எப்படிப்படும் என்று யோசித்துப் பாருங்கள். சுமார் மூன்றரை, நான்கு மாதத்தில் தொடங்கி ஆறேழு மாதம்வரை ஈறு அரிக்கும். பால் பற்கள் 28 விழுந்து அங்கே 42 பற்கள் வர வேண்டும். கிடைத்ததை எல்லாம் கடிக்காமல் அது என்ன செய்யும்?

ஒரு மாலை, கைப்பிடிக்கு எடுத்துவைத்திருந்த பச்சை வயரில் ஒரு துண்டைக் காணவில்லை. கட்டில் அடியில் தேடினேன், பாயை உதறினேன், இல்லை. வரகு நாக்கைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அள்ளிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். இந்த மாதிரி பிளாஸ்டிக் வயர் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது என்றார். துண்டு சிறியதாக இருந்தால் மலத்தோடு வந்துவிடும், குடலில் சிக்கினால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும், வாந்தி எடுக்கிறாளா, சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். அன்று இரவு முழுவதும் அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு தரையில் படுத்திருந்தேன். மறுநாள் கொல்லையில், மலத்துக்கு நடுவே, விரல் நீளத்தில் அந்தப் பச்சைத் துண்டு கிடந்தது. குச்சியால் தள்ளிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அந்த வாரம் நான் ஒரு முடிச்சும் போடவில்லை. அந்த ஒரு வாரம்தான் உங்கள் தாமதம்.

இனி அந்தப் படுக்கையைப் பற்றி. அது பகலில், உங்கள் கூடைக்கான நேரத்தில் தைத்தது இல்லை. இரவில் மஞ்சள் விளக்கில் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாது, வயர் வேலையை எடுக்க முடியாது. ஊசி நூல் எடுக்கலாம். அம்மாவின் இரண்டு சுங்குடிச் சேலைகளை மடித்து, உள்ளே கிழிசல் துணியைப் பரப்பி, நான்கு ஓரமும் ஓட்டுத்தையல் போட்டுத் தைத்தேன். பழைய வேட்டியைக் கிழித்து மூன்று பிரியாகப் பின்னி இரு முனையிலும் முடிச்சிட்டு ஒரு கயிறு செய்தேன். அதைத் தண்ணீரில் நனைத்து உறைபெட்டியில் வைத்துக் கொடுத்தால் அந்தக் குளிர்ச்சியில் ஈறு வலி அடங்கும். நூல் பிரிந்து வரத் தொடங்கியதும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கயிறு பின்னுவேன், ஏனென்றால் நூலும் குடலுக்கு ஆபத்துதான். அந்தக் கயிறு கிடைத்த பிறகுதான் அவள் வயர் பக்கம் வருவதை விட்டாள். அந்தப் படுக்கை வந்த பிறகுதான் நான் அடி போடும் நேரத்தில் ஒரு பக்கமாகச் சுருண்டு தூங்கக் கற்றுக்கொண்டாள். நீங்கள் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிய அந்தப் படுக்கைதான் உங்கள் கூடைகளை முடித்துக் கொடுத்தது.

"உச்ச நீதிமன்றமே தெருநாய்கள் வேண்டாம் என்றுவிட்டது, நீங்கள் யார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கிறது. அதே மாதம் 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியதை யாரும் படிக்கவில்லை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றும், வெறிநோய் கண்ட நாய்களுக்கும் மூர்க்கமான நாய்களுக்கும் அது பொருந்தாது என்றும் சொன்னார்கள். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலைய வளாகங்களுக்குத் தனியாக, கடுமையாக ஓர் உத்தரவு வந்தது. அதையும் நான் படித்தேன். ஆனால் ஆகஸ்ட் 22 உத்தரவிலேயே இன்னொன்றும் இருக்கிறது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு. நான் அதைத்தான் செய்கிறேன். நீங்கள் என்னைச் செய்யச் சொல்வது அதற்கு நேர் எதிரானது. பசியாலோ தாகத்தாலோ துன்பப்பட நேரும் நிலையில் ஒரு விலங்கைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விருப்பக்குறி போடும் முன் அதையும் ஒரு முறை பார்த்திருக்கலாம்.

தெருநாய்த் தொல்லை என்று புலம்புகிறவர்களே "கொண்டுபோய் விடு" என்கிறார்களே, கொண்டுபோய் விட்டால் அது எங்கே போகும்? வரகுவும் அப்படி யாரோ கொண்டுவந்து விட்டவள்தான். வாய்க்கால் கரையில் ஓர் அட்டைப் பெட்டி, உள்ளே நான்கு குட்டிகள். இரண்டு ஏற்கெனவே விறைத்துக் கிடந்தன. ஒன்றைப் பக்கத்துத் தெருப் பையன் எடுத்துக்கொண்டான். மிச்சம் இவள்.

எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டால் ஏன் இப்படி நெஞ்சு அடைக்கிறது என்றால், சின்ன வயதில் இதை நேரில் பார்த்தவள் நான். லால்குடி பக்கம் எங்கள் வீடு. அம்மா மதியத்தில் திண்ணையில் உட்கார்ந்து கூடை பின்னுவார். நான் பார்த்துப் பார்த்துக் கற்றது அங்கேதான். செவலை என்று ஒரு நாய், வயர் நுனிகளுக்கு நடுவே முகத்தை வைத்துப் படுத்திருப்பான், ஒன்றைக்கூடக் கடிக்க மாட்டான். அடைகாத்த முட்டையைத் தின்றுவிட்டான் என்று பெரியப்பா அவனைச் சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து, கொள்ளிடத்துக்கு அக்கரையில் விட்டுவிட்டு வந்தார். இரண்டாம் நாள் காலையில் வாசலில் நின்றான். கழுத்துவரை சேறு. வாலை ஆட்டிக்கொண்டு முதலில் பெரியப்பாவிடம்தான் போனான். அடுத்த முறை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். நான் அவன் தட்டில் சோறு வைத்துக்கொண்டே இருந்தேன், எறும்பு மொய்த்ததும் அம்மா எடுத்துக் கொட்டுவார். முட்டையைத் தின்றது செவலை இல்லை, சாரைப்பாம்பு என்று பிறகு தெரிந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்தக் காலத்தில் நாய்க்கு மெத்தையா தைத்தார்கள்?" என்கிறவர்களுக்கும் இதுதான் பதில். தைக்கவில்லை. சாக்குதான் இருந்தது.

வெறிநோயைப் பற்றிக் கேட்டவர்களின் பயம் நியாயமானது. நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை என்பது எனக்கும் தெரியும். மூன்று மாதம் நிறைந்ததும் வரகுவுக்கு அந்த ஊசி போட்டாயிற்று, அட்டை வீட்டில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். கருத்தடைக்கும் மருத்துவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நாய் கடித்துப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் என்னிடம் வந்து கோபப்பட்டால் நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்தப் பதிவில் எழுதிய யாரும் அப்படிப்பட்ட வேதனையில் எழுதவில்லை.

"நல்ல ஜாதி நாயாக வாங்கியிருக்கலாமே" என்றவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"பொழுதுபோக்காகக் கூடை பின்னுகிறவருக்கு இவ்வளவு பேச்சா" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதுதான் எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது. நாயைப் பற்றி ஆரம்பித்த பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. திருச்சி பெரிய கடை வீதியில் ரோல் வாங்கி, பஸ்ஸில் சுமந்து வந்து, ஆள்காட்டி விரலில் தோல் உரிந்து, அதில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு பின்னுகிறேன். நெல்லிக்காய் முடிச்சுக்குச் சாதா முடிச்சைவிட வயர் அதிகம் பிடிக்கும், நேரமும் அதிகம் பிடிக்கும். அதற்கு விலை சொன்னால், "கடையில் பிளாஸ்டிக் கூடை இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்கிறீர்கள். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, "பாட்டி காலத்துக் கூடை" என்று எல்லோரும் என்னைத் தேடி வந்தீர்கள். வயரும் பிளாஸ்டிக்தான், நான் ஒருபோதும் வேறு மாதிரிச் சொன்னதில்லை. ஆனால் அம்மா பின்னிய கூடையில் நான் இன்னமும் காய்கறி வாங்கி வருகிறேன். அப்படி உழைக்கிற ஒரு பொருளைச் செய்கிறவளுக்கு நாய்க்குட்டியின் உயிருக்குப் பயந்து ஒரு வாரம் வேலை நின்றது என்றால், அது சாக்கு. அலுவலகத்தில் இருப்பவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தால், அது விடுப்பு. வீட்டில் உட்கார்ந்து செய்கிற பெண்ணின் வேலை மட்டும் யாருக்கும் வேலையாகத் தெரிவதில்லை. அவள் நேரம் மட்டும் எல்லோருக்கும் சொந்தம். அவள் தன் கையால் தன் வீட்டு நாய்க்கு ஒரு துணியைத் தைத்தால்கூட அதற்கும் கணக்குக் கேட்பீர்கள்.

என் கை இது. இந்தக் கையால் உங்களுக்குக் கூடை பின்னுவேன், வரகுவுக்குப் படுக்கையும் தைப்பேன். மழைக்காலம் வருகிறது, அவளுக்கு இன்னொன்று தைக்க வேண்டும், அதையும் படம் எடுத்துப் போடத்தான் போகிறேன்.

இனி ஆர்டர் கொடுத்திருப்பவர்களுக்கு. சிவன் கண் என்ற பின்னலில் செய்யும் கூடைகளில் ஊதா நிறம் மட்டும் ரோல் வந்து சேரவில்லை, மற்ற நிறங்கள் பாதிக்கு மேல் முடிந்துவிட்டன. வயர் இப்போது எல்லாம் சுவரில் ஆணியடித்து உயரத்தில் தொங்குகிறது. வெட்டிய துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போடுகிறேன். காத்திருக்க இயலாதவர்கள் உள்பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள், முன்பணத்தை இன்றே அனுப்பிவிடுகிறேன், வருத்தமில்லை. கூடையை வாங்க வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டுச் சற்று நில்லுங்கள், வரகுவைப் பின்கட்டில் கட்டிவிட்டு வந்து திறக்கிறேன். அந்தப் பதிவின் கீழே அவளைக் கொண்டுபோய் விடச் சொன்னவர்கள் மட்டும் தயவுசெய்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் பின்னித் தருவதாக இல்லை.