சாக்கெட்டில் உட்கார்ந்தால் மட்டும் போதாது

ஹெட்போன் ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் கருவியில்) 12ஏயூ7 என்ற வால்வை (வெற்றிடக் குழாயை) எடுத்துவிட்டு 6டிஜே8 என்ற வேறொரு வால்வைப் போடலாம், இரண்டுக்கும் ஒன்பது பின்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சாக்கெட்டில் உட்காரும், உண்மைதான். ஆனால் அப்படியே மாற்றக் கூடாதுங்க.

சிக்கல் ஹீட்டரில், அதாவது வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழையில். 12ஏயூ7-க்கு 4, 5 பின்களுக்கு இடையே 12.6 வோல்ட் கொடுக்கலாம். அல்லது அவை இரண்டையும் இணைத்து, 9-ஆம் பின்னுக்கு எதிராக 6.3 வோல்ட். 6டிஜே8-க்கு 4, 5 இடையே 6.3 வோல்ட்தான். அதன் 9-ஆம் பின் ஹீட்டரே இல்லை, உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு. ஆக, முதல் வகை சாக்கெட்டில் ஹீட்டருக்கு இரட்டிப்பு வோல்டேஜ் ஏறும். இரண்டாம் வகையில் அது சூடேறவே ஏறாது. ஆனோடு (வால்வின் நேர்மின் முனை) தாங்கும் வோல்டேஜ் வரம்பும் வேறு: 12ஏயூ7-க்கு 300 வோல்ட், 6டிஜே8-க்கு 130.

நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஈசிசி82 (12ஏயூ7), ஈசிசி88 (6டிஜே8) என்ற ஐரோப்பியப் பெயர்களில் தேடினாலும் டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) கிடைக்கும். பின் படங்களை அருகருகே வைத்தால் 9-ஆம் பின்னிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். மூடியைத் திறந்து மீட்டர் வைக்கத் தேவையில்லை, உள்ளே உயர் மின்னழுத்தம். சில ஆம்புகளில் ஹீட்டர் இணைப்பை மாற்றவென்றே ஜம்பர் என்ற சிறு செருகி இருக்கும். உங்களுடையதில் உண்டா என்பதை மேனுவல் சொல்லும்.